பொதுவில் ஒரு பெடல் பலகை: காட்டூர் கிட்டார் பிள்ளைகளுக்குத் திறந்த மடல்

காட்டூரிலும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும் கிட்டார் வாசிக்கும் தம்பிகளே, தங்கைகளே,



அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரியில் வாசிப்பவர்கள், ஞாயிறு பூசையில் பாடகர் குழுவோடு வாசிப்பவர்கள், கல்யாண வரவேற்பில் கானாவுக்கும் மெலடிக்கும் ஒரே கிட்டாரை வைத்துச் சமாளிப்பவர்கள், செல்போனைப் பார்த்துத் திண்ணையில் பழகுபவர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு மேடைகளில் உங்களில் பலரோடு நின்று வாசித்தவன் என்ற உரிமை எனக்கு இருக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் காலடியில் பெடல்கள் கூடிக்கொண்டே போகின்றன. கிட்டார் சத்தமோ வர வர மோசமாகிறது.

விரல் தேறியிருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த விரல் வேலை கூட்டத்தின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. மேடைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டால் கீபோர்டு கேட்கிறது, ரிதம் பேட் கேட்கிறது, பாடுகிறவர் குரல் கேட்கிறது, அப்புறம் ஓர் இரைச்சல் கேட்கிறது. அந்த இரைச்சல்தான் நீங்கள். கச்சேரி முடிந்ததும் பையன் என்ன முடிவுக்கு வருகிறான்? "இன்னொரு பெடல் வாங்கணும்ணா" என்கிறான். மாதத் தவணையில் வாங்கியும் விடுகிறான். அடுத்த திருவிழாவில் அதே இரைச்சல் இன்னும் பெரிதாகக் கேட்கிறது. தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வருகிறது. இது நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

பெடலே கூடாது என்று சொல்ல வந்தவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். "வெறும் கிட்டாரில் வாசிக்கத் தெரியாதவனுக்குத்தான் பெட்டி வேண்டும்" என்று உங்களை மட்டம் தட்டும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஃபஸ் என்ற கரகரப்புப் பெடலே பழுதிலிருந்து பிறந்ததுதான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தபோது மிக்ஸரில் ஒரு சேனல் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரவென்று வந்தது. அதைத் தூக்கி எறியாமல் அப்படியே விட்டார்கள். அந்தக் கரகரப்பை வேண்டியபோது வரவழைக்க ஒரு பெட்டி செய்தார்கள். 1962-ல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கிழித்துவிட்டு வாசித்தார். காசில்லாத பையன்கள் கையில் இருந்ததை வைத்துக் கண்டுபிடித்த சத்தங்களும் இந்த வரலாற்றில் உண்டு. அதனால் பெடலைப் பார்த்து நீங்கள் கூச வேண்டியதில்லை.

நம் இசையிலும் இதற்கு நியாயம் இருக்கிறது. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் கையில் எடுத்தது மின்சார மாண்டலின். ஜோடி ஜோடியாக இருக்கும் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தி வைத்து, அதில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். தட்டிய கணமே நாதம் தேயத் தொடங்கிவிடும் ஒரு வாத்தியத்தில் கமகம் நிற்க வேண்டுமானால் பிக்கப்பும் ஆம்பும் துணைக்கு வந்தாக வேண்டும். கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னாவைக் கேளுங்கள். ஸ்வரம் நின்றால்தான் அதை வளைக்க முடியும் என்பது புரியும். ஓசையின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸர் பெடலுக்கு நம் ஊரில் வேலை இருக்கிறது என்றால் அது இங்கேதான் இருக்கிறது. ஸ்வரத்தை நிற்கவைக்க வேண்டும். சத்தத்தைத் தூக்குவதற்கு அது வேண்டாம்.

ஆனால் உங்களில் பாதிப் பேர் அதை எதற்கு வாங்குகிறீர்கள்? "கம்ப்ரஸர் போட்டா சவுண்டு நல்லா தூக்கும்லண்ணா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. தூக்காது. அது தலையில் தட்டி அமுக்கும். அமுக்கிய பிறகு மொத்தத்தையும் கூட்டுகிறோம், அதனால்தான் தூக்கியது போலத் தெரிகிறது. கணக்காகவே சொல்கிறேன். ஒரு வரம்பு வைக்கிறீர்கள். விகிதம் 4:1 என்று வைத்தால், வரம்புக்கு மேல் 8 டெசிபல் எகிறிய ஓசை 2 டெசிபல்தான் எகிறியதாக வெளியே வரும். 6 டெசிபல் போய்விட்டது. போனதை ஈடுகட்ட லெவல் குமிழைத் திருப்பி 6 டெசிபல் ஏற்றுகிறீர்கள். இப்போது நீங்கள் வாசிக்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கிறது. கையை எடுத்த நொடியில் என்ன ஆகிறது? வரம்புக்குக் கீழே கிடந்த ஜெனரேட்டர் உறுமல், கேபிள் கரகரப்பு, சீரியல் செட் விளக்கின் ஊளை எல்லாமே அதே 6 டெசிபல் ஏறி நிற்கின்றன. மின் அழுத்தத்தில் அது இரண்டு மடங்கு. பாட்டு நின்று பாதிரியார் பேசத் தொடங்கும்போது மேடையிலிருந்து வருகிற அந்த "உம்ம்ம்" இப்படித்தான் பிறக்கிறது.

நீங்கள் அதோடு விடுவதில்லை. கம்ப்ரஸருக்குப் பின்னால் டிஸ்டார்ஷன் போடுகிறீர்கள். டிஸ்டார்ஷன் என்பதே அலையின் உச்சியை வெட்டுகிற வேலை, அதாவது அதுவும் ஒரு வகையில் அமுக்குகிறது. மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியில் கம்பெனிக்காரன் போட்டுவைத்த பிரீசெட்டுக்குள் சத்தமில்லாமல் இன்னொரு கம்ப்ரஸர் உட்கார்ந்திருக்கும். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் மிக்ஸரில் மூன்றாவதாக ஒன்று போட்டிருப்பார். இத்தனையையும் தாண்டி வெளியே வரும்போது மெதுவாகத் தொட்டதும் ஓங்கி அடித்ததும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. உங்கள் கைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் கைக்கும் வித்தியாசமே இல்லை. அப்புறம் எதற்கு ராத்திரி ராத்திரியாகப் பழகுகிறீர்கள்?

'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வரும் 'இளைய நிலா' பாட்டை உங்களில் வாசித்துப் பார்க்காதவர் இருக்க மாட்டீர்கள். 1982-ல் வந்தது. இளையராஜாவின் இசைக்கு அதில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அந்த விரல் மீட்டலை நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். எந்தத் தந்தியை அழுத்தித் தொட்டார், எதைப் பட்டும் படாமலும் தொட்டார் என்று தனித்தனியாகத் தெரியும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் பாட்டே இருக்கிறது. உங்கள் கம்ப்ரஸரை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு அதே மீட்டலை வாசித்துப் பாருங்கள். ஸ்வரம் ஒன்றும் தப்பாது. பாட்டு மட்டும் இருக்காது.

அப்படியானால் எவ்வளவு வைப்பது? 1970-களில் வந்த எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப் வழியில் செய்த பெடல்களில் இரண்டே குமிழ்கள்தான் இருக்கும். பாஸ் சிஎஸ்-3 மாதிரியானவற்றில் லெவல், டோன், அட்டாக், சஸ்டெயின் என்று நான்கு. எதுவாக இருந்தாலும் வழி ஒன்றுதான். சஸ்டெயின் குமிழைக் கடிகார முள் 9 மணியில் நிற்கும் இடத்தில் வையுங்கள். லெவலைத் திருப்பிப் பெடல் போட்டபோதும் எடுத்தபோதும் ஒரே அளவு கேட்கும்படி வையுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் கம்ப்ரஸரைப் பற்றி யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது. கூடுதலாகச் சத்தம் வந்தால் காது அதை 'நல்ல சத்தம்' என்று நம்பிவிடும். அளவு ஒன்றானதும் சஸ்டெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மெதுவாகத் தொட்ட ஸ்வரம் முன்னால் வந்து, ஓங்கி அடித்தது இன்னும் ஓங்கியே கேட்கிற இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அது 12 மணியைத் தாண்டாது. மில்லிசெகண்டில் கேட்கும் பெட்டியாக இருந்தால் விரல் மீட்டலுக்கு அட்டாக் 20 முதல் 30, ரிலீஸ் 150 முதல் 250, விகிதம் 3:1 என்று தொடங்குங்கள். அட்டாக்கை ரொம்பக் குறைத்தால் பிக் தந்தியில் படும் அந்த முதல் 'டக்' போய்விடும். ரிலீஸ் ரொம்பக் குறைந்தால் சத்தம் மேலும் கீழுமாக மூச்சு வாங்கும்.

வரிசையும் முக்கியம். டியூனர், வா பெடல், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவெர்ப் என்பது பல காலமாகக் கைகண்ட வரிசை. கம்ப்ரஸரை ஓவர்டிரைவுக்குப் பின்னால் போட்டால் ஓவர்டிரைவின் இரைச்சலையும் சேர்த்து ஏற்றிவிடும். டிலேக்குப் பின்னால் போட்டால் தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலி மறையாமல் மேலே வந்து நிற்கும். வேண்டுமென்றே வரிசையை மாற்றுபவர்களும் உண்டு. ஏன் மாற்றினோம் என்று சொல்லத் தெரிந்தால் தாராளமாக மாற்றுங்கள். உயரமான கூரை கொண்ட பழைய ஆலயத்தில் வாசிக்கும்போது ரிவெர்ப்பைக் காலால்கூடத் தொடாதீர்கள். அந்தச் சுவர்களே போதுமான அளவு கொடுக்கும். ஏரிக்கரை மைதானத்தில் சுவரே கிடையாது, அங்கே கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஹெட்போன் போட்டு அமைத்த சத்தத்தில் பேஸும் டிரெபிளும் தூக்கலாக இருக்கும், நடு ஓசை குழி விழுந்திருக்கும். தனியாகக் கேட்க அது சுகம். கச்சேரியில் பேஸின் இடத்தை கீபோர்டுக்காரரின் இடது கையும் பேடும் பிடித்துக்கொள்ளும். மேல் ஓசையை சிம்பல் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு மிஞ்சுவது அந்த நடு ஓசைதான், அதைத்தான் நீங்களே வெட்டி எறிந்திருக்கிறீர்கள். மேடையில் மிட் குமிழை ஏற்றுங்கள். தனியாகக் கேட்க மூக்கால் பாடுவது போல் இருக்கும், கூட்டத்தில் அதுதான் கிட்டாராகக் கேட்கும். அடுத்தது, கிட்டார் ஆம்ப் இல்லாமல் டிஸ்டார்ஷனை நேராக மிக்ஸரில் சொருகாதீர்கள். கிட்டார் ஸ்பீக்கர் மேல் ஓசையை ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் விடாது. கச்சேரிப் பெட்டிகள் எல்லாவற்றையும் விடும். காதைக் கிழிக்கிற அந்த "ஙொய்ய்" அங்கிருந்துதான் வருகிறது. மல்டி எஃபெக்ட்ஸில் கேபினெட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிட்டு வாசியுங்கள்.

இத்தனையும் பெடலுக்குள் நடப்பவை. பெடலுக்கு முன்னால் நடப்பதை நீங்கள் பார்ப்பதே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிக் கரையில் நாம் இருக்கிறோம். உப்பங்காற்று வலைக்கும் படகுக்கும் மட்டும்தான் வேலை வைக்குமா? சென்ற மழைக்காலத்தில் ஒரு தம்பி, பெடல் கெட்டுவிட்டது, புதிது வாங்கப் போகிறேன் என்று கொண்டுவந்தான். பெடலில் ஒன்றுமில்லை. கேபிள் ஜாக்கின் நுனிக்குக் கீழே, கறுப்பு வளையத்தை ஒட்டி, பச்சையாகப் பூத்திருந்தது. கிட்டார் பக்கத்து சாக்கெட்டுக்குள் இருக்கும் வளைந்த தகடும் அப்படியே. காண்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சி, துணியால் நுனியைத் துடைத்து, சாக்கெட்டில் நாலைந்து முறை சொருகி எடுத்ததும் கரகரப்பு நின்றுவிட்டது. தந்தியைப் பார்த்தேன். சுற்றுத் தந்திகளின் இடுக்கெல்லாம் அழுக்கும் உப்பும். பிரகாசம் செத்துப்போன தந்தியில் எந்த கம்ப்ரஸரும் பிரகாசத்தை உண்டாக்காது. இருப்பதைத்தான் நீட்டும், இல்லாததைக் கொண்டுவராது. புது ஸ்ட்ரிங் செட்டும் ஒரு கிளீனர் டப்பாவும் என்ன விலை, ஒரு பெடல் என்ன விலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேபிளையும் பாருங்கள். ரொம்ப நீளமான கேபிள் மேல் ஓசையைத் தின்னும். மேடையில் ஆறு மீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் முதலில் ஒரு பஃபர் பெடல் வேண்டும். அடாப்டரைப் பாருங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு ஊசி நெகட்டிவ். கீபோர்டு அடாப்டரை மாற்றிச் சொருகி எரித்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சாதாரண ஓவர்டிரைவுக்குச் சில மில்லிஆம்பியர் போதும், டிஜிட்டல் டிலே அதைப் போலப் பல மடங்கு கேட்கும். இரண்டையும் ஒரே மலிவு அடாப்டரில் சங்கிலியாகக் கோத்தால் டிலேயின் "கீ" ஓசை ஓவர்டிரைவ் வழியாக வெளியே வரும். பேட்டரி போட்டு வாசிப்பவர்கள் முடிந்ததும் இன்புட் கேபிளை உருவிவிடுங்கள். கேபிள் சொருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

இனி சொல்லப்போவது சத்தத்தைப் பற்றியது அல்ல, உயிரைப் பற்றியது. 'ஹம்' வருகிறது என்று மூன்று ஊசி பிளக்கில் எர்த் ஊசியை உடைக்கிற வழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். 1972-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார்க் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஒரு கை கிட்டார் தந்தியில், உதடு மைக்கில் என்று நிற்கும் நீங்கள் எல்லோரும் அதே இடத்தில்தான் நிற்கிறீர்கள். வெறுங்காலோடு, ஈர மண்ணில். இந்த உப்பீர மண் எர்த் கம்பிக்கு நல்ல மண்தான். ஆனால் அதே உப்பு கம்பியைத் தின்றுவிடும். போன வருடம் அடித்த கம்பியை நம்பி இந்த வருடம் மேடை போடக் கூடாது. 1,500 மெகாவாட் வல்லூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி நமக்குக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அதன் காலடியில் இருக்கும் நமக்கு ஒரு திருவிழா மேடையில் ஒழுங்கான எர்த் இல்லை என்பது யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கு உறுத்துகிறது.

விழாக் கமிட்டிப் பெரியவர்களும் சவுண்ட் சர்வீஸ் அண்ணன்மார்களும் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. பிள்ளைகள் இரைச்சல் போடுகிறார்கள் என்று ஒலிபெருக்கியிலேயே ஏசுகிறீர்கள். பட்டாசுக்கும் பந்தலுக்கும் நேரம் ஒதுக்குகிறீர்கள், சவுண்ட் செக்குக்கு என்றைக்காவது கால் மணி நேரம் கொடுத்திருக்கிறீர்களா? சீரியல் செட்டையும் மேடை மிக்ஸரையும் ஒரே லைனில் தொங்கவிடாதீர்கள். மேடைக்குத் தனி லைன், 30 மில்லிஆம்பியர் மின் கசிவிலேயே விழும் ஒரு ஆர்சிசிபி, புதிதாக அடித்த எர்த் கம்பி ஆகிய மூன்றும் செய்துகொடுங்கள். கிட்டாருக்கு, அதன் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் ஒரு டிஐ பாக்ஸ் கொண்டுவாருங்கள். பிரீஆம்ப் இல்லாமல் பிக்கப் மட்டும் வைத்த அக்கூஸ்டிக் கிட்டாரை நேராக மிக்ஸரின் லைன் இன்புட்டில் சொருகினால் அடிநாதம் எல்லாம் போய்த் தகரச் சத்தம்தான் மிஞ்சும். பையனின் விரலைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும்.

இனி, தம்பிகளே, தங்கைகளே, நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

நீங்கள் ஆளுக்கொரு மல்டி எஃபெக்ட்ஸ் தவணையில் வாங்கி வைத்திருக்கிறீர்கள். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அது உறையில் தூங்குகிறது. உப்பங்காற்று அதற்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது. ஆளுக்கொன்றாக வாங்கியும் யாரிடமும் நல்ல டியூனர் இல்லை, டிஐ இல்லை, ஒழுங்கான பவர் சப்ளை இல்லை. ஏனென்றால் அவற்றைப் போட்டால் சத்தம் மாறாது, ஸ்டேட்டஸிலும் போட முடியாது. எனவே என் கோரிக்கை இது: இனிமேல் ஒரு வருடத்துக்குத் தனித்தனியாக யாரும் பெடல் வாங்காதீர்கள். எல்லோரும் சேர்ந்து பொதுவில் ஒரே ஒரு பெடல் பலகை செய்யுங்கள். ஒரு டியூனர், ஒரு கம்ப்ரஸர், ஒரு ஓவர்டிரைவ், ஒரு டிலே, ஒரு டிஐ பாக்ஸ், ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்த பவர் சப்ளை, நல்ல கேபிள் நான்கு. இவ்வளவு போதும். பலகையை நம் தச்சர் செய்துதருவார். பெடல்களை அண்ணா சாலைக் கடைகளில் வாசித்துப் பார்த்து வாங்கலாம். ஜாக், கேபிள், சில்லறைச் சாமான்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது.

யார் எப்போது எடுத்துப் போவது என்று சண்டை வரும் என்கிறீர்களா? பொதுவில் இருப்பதை முறை வைத்துப் பங்கிடுவது எப்படி என்று ஏரிக்கரைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? உங்கள் அப்பாவும் தாத்தாவும் பாடு வைத்த ஏரி இது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்து, சீட்டுப் போட்டு, நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லோருக்கும் சுற்றி வரும்படி செய்த ஏற்பாடு அது. ஒரு ஏரியையே அப்படிப் பங்கிட முடிந்தால் ஒரு பலகையைப் பங்கிட முடியாதா? ஒரே நாளில் இரண்டு பேருக்கு ஆர்டர் வந்தால் சீட்டுப் போடுங்கள். எடுத்துப் போனவர் கேபிளைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வைத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். கச்சேரிப் பணத்தில் ஒரு சிறு பங்கு பழுது பார்ப்பதற்கு என்று தனியாக இருக்கட்டும்.

ஏரியின் பாடு முறையில் பங்கு கிடைக்காதவர்களின் மனக்குறையும் இந்தக் கரையில் உண்டு என்பதை மறந்துவிட்டுப் பேசவில்லை. எந்தக் குப்பம், எந்தச் சமூகம் என்று பார்த்துத்தான் அந்த முறை நிற்கிறது. இந்தப் பலகைக்கு அந்த வேலி வேண்டாம். காட்டூர் பையனுக்கும் குப்பத்துப் பையனுக்கும் ஒரே முறை. கோயிலில் வாசிப்பவருக்கும் ஆலயத்தில் வாசிப்பவருக்கும் ஒரே முறை. தங்கைகளுக்கும் அதே முறை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பெடலு" என்று கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பெயரை முதலில் நோட்டிலிருந்து அடியுங்கள். 2017-ல் தொடங்கிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவை நீங்கள் எல்லோரும் கேட்கிறீர்கள். கானாவும் ராக் கிட்டாரும் ஒரே மேடையில் நிற்கும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். அந்த மேடையைப் பார்த்துக் கைதட்டிவிட்டு ஊருக்கு வந்து பெடலுக்கு வேலி கட்டுவது நமக்கு அழகில்லை.

பலகை கைக்கு வந்தால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. எல்லோரும் ஒரே கம்ப்ரஸரில், ஒரே அளவில் வைத்து வாசிக்கும்போது வித்தியாசம் கையில் மட்டும்தான் இருக்கும். யார் விரல் எப்படி என்று அப்போது தெரிந்துவிடும். அது சிலருக்குப் பயமாக இருக்கலாம். பழகுகிறவனுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

இதைப் படித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். அடுத்த திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் காட்டூரில் கூடுங்கள். உங்களிடம் இருக்கிற பெடல், கேபிள், அடாப்டர் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், கெட்டுப்போனதையும் சேர்த்து. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஒருவரையும் கமிட்டியிலிருந்து ஒருவரையும் கையோடு கூட்டிவாருங்கள். ஒருவர் வாசிக்கட்டும். மற்றவர்கள் கூட்டம் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வொரு பெடலாகப் போட்டு, எடுத்து, எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்று அங்கிருந்து கைதூக்கிச் சொல்லுங்கள். தேறியதை வைத்துப் பலகையைத் தொடங்குங்கள். தேறாததை விற்று டிஐ பாக்ஸ் வாங்குங்கள். நோட்டில் முதல் முறைக்கு அன்றைக்கே சீட்டுப் போட்டுவிடுங்கள். சாலிடரிங் அயர்னும் காண்டாக்ட் கிளீனரும் நான் கொண்டுவருகிறேன். தேதியை மட்டும் நீங்கள் முடிவு செய்து சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களோடு மேடையில் நின்ற ஒரு கிட்டார்க்காரன்